ஓரிகன் காளைகளும் உங்கள் காளையின் கழுத்து வீக்கமும்

கேள்வி: கரும்பு வண்டி இழுக்கும் என் ஜோடியில் ஒன்றுக்குக் கழுத்தில் வீக்கம். மற்றது தார்ச்சாலையில் நொண்டுகிறது. தினமும் 15 கி.மீ.தான் போகிறோம். நிலம் தேடி அமெரிக்காவின் ஓரிகனுக்குப் போன குடும்பங்கள் மாட்டு வண்டியிலேயே 3,000 கி.மீ.க்கு மேல் போனதாக மகள் படித்துச் சொன்னாள். அந்த மாடுகள் மட்டும் எப்படித் தாங்கின?

பதில்: எல்லாம் தாங்கவில்லை ஐயா. வழியில் விழுந்து செத்தவை ஏராளம். பிழைத்தவை, ஓட்டியவர்களின் நிதானத்தால் பிழைத்தன.

1840களில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கு வரை சுமார் 3,200 கி.மீ. ஒரு நாளைக்கு 24 கி.மீ. போனாலே நல்ல நடை. போய்ச் சேர ஐந்து மாதம் போல ஆகும். குதிரையைவிடக் காளை விலை குறைவு, தானியமும் கேட்காது, வழிப் புல்லே போதும். அதனால் புல் தழையும் ஏப்ரல், மே வரை காத்திருந்துதான் கிளம்பினார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று ஜோடி, பாரம் ஏறக்குறைய ஒரு டன். மாடு திணறினால் இரும்பு அடுப்பையே வழியில் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். பெண்டு பிள்ளைகளும் பெரும்பாலும் நடந்துதான் வந்தார்கள். நீங்கள் ஒரே ஜோடியில் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று எழுதவில்லையே!

(ஓரிகன் நிலம் பற்றிய 1850 சட்டப்படி, அதற்குள் குடியேறியிருந்த தம்பதிக்கு 640 ஏக்கர் நிலம் வரை கிடைத்தது. வில்லமெட்டில் அது கலப்பூயா என்ற பூர்வகுடி மக்களின் மண். மகளிடம் இதையும் சொல்லுங்கள்.)

குளம்பு அவர்களுக்கும் தலைவலிதான். நம் ஊர் போலவே ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம். மாடு மூன்று காலில் நிற்காது என்பதால் பள்ளம் வெட்டி மல்லாத்திப் போட்டு அடித்ததும் உண்டு. லாடம் இல்லாதபோது காட்டெருமைத் தோலைக் குளம்பில் கட்டினார்கள்.

சரி, உங்கள் மாட்டுக்கு வருவோம். நொண்டும் காலைக் கழுவி, குளம்பு இடுக்கில் கல் இருக்கிறதா பாருங்கள். லாட ஆணி சதையில் இறங்கியிருந்தாலும் நொண்டும். அப்படியானால் லாடத்தைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்து வீக்கம் வற்றும்வரை நுகம் வைக்கவே கூடாது. வெட்டு நேரத்தில் இது கஷ்டம் என்று தெரியும், வேறு வழியில்லை. வீக்கம் புதிது, சூடாக இருக்கிறது என்றால் குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். தோல் உரிந்திருந்தால் உப்புத் தண்ணீரில் கழுவி, ஈ அண்டாமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுங்கள். மெத்தென்று சீழ் கட்டியிருந்தால் நீங்களே கீறாதீர்கள், கால்நடை மருத்துவர் பார்க்கட்டும்.

அப்புறம், நுகத்தடியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மேடோ சிராயோ இருந்தால் இழைத்துவிடுங்கள். ஒரு மாடு குட்டையாக இருந்தாலும் பாரம் ஒரே கழுத்தில் சாயும். இரண்டின் உயரத்தையும் ஏற்றும் பாரத்தையும் எழுதி அனுப்புங்கள்.