கிரேடைப் பார்ப்பதா, காசைப் பார்ப்பதா?

நாணயச் சேகரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கே: ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய் வாங்க நினைக்கிறேன். எம்.எஸ். (புழங்காதது) 61 ஸ்லாபில் ஒன்று, ஏ.யு. (ஏறத்தாழ புழங்காதது) 58 ஸ்லாபில் ஒன்று என இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். 58 கண்ணுக்கு அழகாக இருக்கிறது, ஆனால் 61 கூடுதல் கிரேடு ஆயிற்றே? – கரூர் வாசகர்

ப: 58-ஐ எடுங்கள். ஸ்லாப் என்பது, தரம் பார்க்கும் நிறுவனம் காசை அடைத்து, கிரேடு எண் எழுதிய சீட்டோடு தரும் பிளாஸ்டிக் பெட்டி. காசின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் ஷெல்டன் அளவுகோல் முதலில் கேட்கும் கேள்வி, காசு கை மாறித் தேய்ந்ததா என்பதுதான். துளி தேய்மானம் தெரிந்தாலும் 60-ஐத் தொட முடியாது. தேய்மானமே இல்லாத காசு 60-க்குக் கீழே இறங்காது. ஆனால் அச்சுச்சாலையில் காசுகள் மூட்டையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கன்னமெல்லாம் வெட்டுப்பட்டிருக்கும். அப்படி அடிபட்டு ஒளி மங்கியவைதான் 60, 61 என்று வருகின்றன. 58 என்பது சில நாள் புழங்கி, மேடுகளில் மட்டும் லேசாக உரசுப்பட்ட காசு. மற்றபடி முகம் சுத்தமாக இருக்கலாம். அதனால் இந்த இடத்தில் மட்டும் எண்ணும் அழகும் எதிரெதிராக நிற்பது அடிக்கடி நடக்கும்.

காசைப் பார்க்கும் முறை இது. டியூப்லைட் வேண்டாம், பரவிய ஒளியில் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும். ஒற்றை பல்பு மேசை விளக்கின் கீழே காசைச் சாய்த்து மெதுவாகத் திருப்புங்கள். அசல் பளபளப்பு உள்ள காசில் ஒளிக்கீற்று ராட்டினம் போல மையத்தைச் சுற்றி ஓடும். அச்சடிக்கும்போது உலோகம் வெளிநோக்கி வழிந்த நுண்கோடுகள்தான் அதற்குக் காரணம். அந்த ஓட்டம் மீசை, புருவம், மேலங்கி மடிப்பு ஆகியவற்றின் மேல் அறுந்து, சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது தேய்மானம். மேடு தட்டையாக இருந்தும் ஒளி அறுபடாமல் ஓடினால், அச்சு அழுத்தம் போதவில்லை என்று பொருள். வியாபாரிகள் பலர் இந்த இரண்டையும் குழப்புவார்கள், சிலர் தெரிந்தே.

அடுத்து, கீறல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நீளக் கீறல் மன்னரின் கன்னத்திலோ முகத்துக்கு முன்னுள்ள வெற்றிடத்திலோ இருந்தால் பார்வையை இழுத்துக்கொண்டே இருக்கும். கிரீடத்துக்குள் இருந்தால் 5 மடங்கு லென்ஸ் வைத்துத்தான் தேட வேண்டும்.

1911-க்கு மட்டும் உரிய சங்கதி ஒன்று உண்டு. மன்னரின் மேலங்கியில் உள்ள குட்டி யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால்தான் 1912-இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சை மாற்றினார்கள். ‘பன்றி ரூபாய்’ என்ற பெயருக்காகவே வாங்குகிறவர்கள் அதிகம். ஆகவே யானை மழுங்கிய காசு எந்த எண் போட்டிருந்தாலும் வேண்டாம்.

விற்கும்போது சீட்டை மட்டும் பார்த்துப் பணம் தருபவர் 58-க்குக் குறைத்துத்தான் கேட்பார். அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கே: நீலமும் ஊதாவுமாக வண்ணம் ஏறிய எட்வர்டு ரூபாய்க்கு, அதே கிரேடு வெள்ளைக் காசைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். இயற்கையான டோனிங்தானா என்று எப்படி அறிவது? – திருநெல்வேலி வாசகர்

ப: காற்றிலும் காகித உறையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய சல்பைடு படலமாகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: முதலில் வெளிர் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, அதன்பின் ஊதா, நீலம். இயற்கையாக ஏறியதில் இந்த வரிசை குலையாது. மஞ்சளுக்குப் பக்கத்திலேயே திடீரென அடர்நீலம் நின்றால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி உள்ளே வரும். எழுத்துகளை ஒட்டிய பள்ளங்களில் சாயல் வேறுபடும். கந்தகத்தாலோ சூட்டாலோ அவசரமாக ஏற்றிய நிறம் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே பூச்சாக மிதக்கும். பழைய துடைப்புக் கீறல்களின் மேலும் அதே நிறம் படிந்திருந்தால், தேய்த்த காசை மறைக்க வண்ணம் ஏற்றியிருக்கவும் வாய்ப்புண்டு.

நிறத்துக்கு அடியில் அந்த ஒளியோட்டம் தெரிகிறதா என்பதே முக்கியச் சோதனை. தெரியவில்லை என்றால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடுதல் பணம் தராதீர்கள். கறுத்துப்போன காசையும் ‘டோனிங்’ என்றே விற்பார்கள், அது வேறு கதை. கைப்பேசிப் படத்தில் நிறத்தைத் தூக்கிக் காட்டுவது எளிது என்பதால், காசைச் சாய்த்துத் திருப்பும் வீடியோ கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். காசுகளைத் தரம் பார்க்கும் அமெரிக்க நிறுவனமான என்.ஜி.சி., பார்வை அழகு மிகுந்த காசுகளுக்கு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுகிறது. மூன்று மடங்கு கேட்பவரிடம் அந்த நட்சத்திரமாவது இருக்க வேண்டாமா?

கே: 1840 விக்டோரியா ரூபாய், பளிச்சென்று இருக்கிறது. ஸ்லாபில் எண் இல்லை, ‘டீட்டெய்ல்ஸ்’ என்று போட்டுப் பாதி விலை. வாங்கலாமா? – மதுரை வாசகர்

ப: வேண்டாம். 1840 ஏராளமாகக் கிடைக்கும் ஆண்டு, குறையில்லாத காசுக்குக் காத்திருக்கலாம். ‘டீட்டெய்ல்ஸ்’ என்றால் காசு அசல், ஆனால் குறையுள்ளது என்று பொருள். எண் தராததற்கான காரணத்தைச் சீட்டிலேயே எழுதியிருப்பார்கள். சுத்தம் செய்தது என்றிருந்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். திருநீறு போட்டுத் தேய்த்த பூஜைக் காசுகளில் இதைத்தான் பார்க்கிறோம். நம் பக்கத்தில் இன்னொரு குறையும் சகஜம்: பதக்கமாகக் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு எடுத்தவை. அரசியின் தலைக்கு நேர்மேலே விளிம்பை லென்ஸில் பாருங்கள். அரம் பட்ட தடமோ, பற்றின் வேறு நிறமோ தென்படும்.

ஆண்டே அரிது என்றால் கணக்கு மாறும். 1939 வெள்ளி ரூபாயில் பழைய துடைப்பு, அதன்மேல் மீண்டும் படிந்த நிறம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் போலிகள் அதிகம். எடை 11.66 கிராம் அருகில் நிற்க வேண்டும், 0.01 கிராம் காட்டும் தராசு போதும். புத்தம்புதுசு போல இருந்துகொண்டு எடை மட்டும் குறைந்தால் தொடாதீர்கள். ஸ்லாபையும் போலி செய்கிறார்கள். சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்குள்ள படத்தில் இருக்கும் கீறல் உங்கள் காசில் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

கே: செப்புக் காலணாவில் ஆர்.டி., ஆர்.பி., பி.என். என்கிறார்களே? – நாகப்பட்டினம் வாசகர்

ப: அச்சடித்தபோதிருந்த செந்நிறம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கான குறி. சுமார் 95 சதவீதத்துக்கு மேல் சிவப்பு என்றால் ஆர்.டி., 5 சதவீதத்துக்கும் கீழே என்றால் பி.என்., நடுவில் ஆர்.பி. கடலோர ஊரில் இருக்கிறீர்கள். ஈரக்காற்றில் செந்நிறம் பழுப்பாகும், ஆர்.டி.க்குக் கொடுத்த கூடுதல் பணம் கரைந்துபோகும். திட்டுத்திட்டான ஆர்.பி.யைவிட, சாக்லேட் நிறம் சீராகப் படர்ந்து ஒளியும் உள்ள பி.என். எங்கள் தேர்வு. இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சாகப் பளபளத்தால் புளியோ அமிலமோ போட்டது.

கே: ஆல்பத்தில் இருந்த வெள்ளிக் காசுகளில் பச்சையாகப் பிசுபிசுப்பு. அழகு போய்விட்டதா? – சேலம் வாசகர்

ப: ஆல்பத்தின் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை கசிந்திருக்கிறது. தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாகக் காயவிடுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவம் கூடாது, அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். துடைக்கவே கூடாது. அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல், சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பிசுபிசுப்பு போயும் கீழே குழி தெரிந்தால் உலோகம் அரித்துவிட்டது, அதற்கு மருந்தில்லை. இனி பி.வி.சி. கலக்காத மைலர் உறைக்கு மாறுங்கள்.

கே: தாத்தாவின் 1862 ரூபாயைக் கிரேடு செய்ய அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பலாமா? – சென்னை வாசகர்

ப: கூடாது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயத்தைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. அனுபவமுள்ள சேகரிப்பாளர் இருவரிடம் தனித்தனியே காட்டுங்கள். அதற்கு முன் தேய்த்துவிடாதீர்கள்.