ஐ.பி.டி. என்று போர்டு இருக்காது, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31. கோவையில் வேலை பார்த்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார். கணவருக்கு மாற்றல் வந்ததால் ஓசூருக்குக் குடிவந்து ஒன்பது மாதம் ஆகிறது. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, கணவரிடம் வாயைத் திறந்தாலே சண்டை. மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டு, ‘ஐ.பி.டி.க்கு சைக்காலஜிஸ்டைப் பார்க்கவும்’ என்று சீட்டின் அடியில் எழுதியிருக்கிறார். ஐ.பி.டி. என்பது ஒரு வகைப் பேச்சுச் சிகிச்சை. “தேடினால் கவுன்சலர், லைஃப் கோச் என்று முப்பது பெயர் வருகிறது. இது யாருக்குத் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கணவர் வர மாட்டார். அவர் இல்லாமல் நடக்குமா?” என்று கேட்கிறார்.

நடக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஐ.பி.டி. என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் விளம்பரம்தான் கிடைக்கும். முறையாகப் படித்த ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டை, அதாவது மனநலச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரை, முதலில் பிடித்து, இந்த முறையில் பழக்கம் உண்டா என்று அவரிடமே கேட்பதுதான் சுருக்கு வழி.

இன்டர்பெர்சனல் சைக்கோதெரபி என்பதன் சுருக்கம்தான் ஐ.பி.டி. உறவுகளை முன்வைத்துச் செய்யும் பேச்சுச் சிகிச்சை. ஜெரால்ட் க்ளெர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் 1970களில் அமெரிக்காவில் வளர்த்தெடுத்தது. மனச்சோர்வு மாத்திரையைப் பற்றிய ஓர் ஆய்வில், கூடவே பேச்சுச் சிகிச்சையும் கொடுத்துப் பார்க்கலாம் என்று தொடங்கியது அது. ஆகவே மாத்திரை சாப்பிடுகிறோமே, இதற்கும் போகலாமா என்ற தயக்கம் வேண்டாம். வாரம் ஒரு முறை, மொத்தம் 12 முதல் 16 செஷன். நெருங்கியவரின் சாவு, ஒருவரோடு தீராத தகராறு, வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றம், ஒட்டிப் பழக ஆளே இல்லாத தனிமை: இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ பிடித்துக்கொண்டு அதிலேயே வேலை செய்வார்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் இரண்டு தெரிகின்றன. ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு நான் முடிவு சொல்லக் கூடாது. அது எதிரில் உட்கார்ந்து கேட்பவரின் வேலை.

சரி, யார் முறையாகப் படித்தவர்? நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை செய்ய ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். பெரும்பாலானவர்கள் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்தவர்களாக இருப்பார்கள். எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் போதாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் உங்கள் வீட்டுச் சண்டையை எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்து, ஃபோனிலேயே ஒரு கேள்வி: “மனச்சோர்வுக்கு ஐ.பி.டி. செய்வீர்களா? முதல் சில செஷன்களில் என்ன செய்வீர்கள்?” தெரிந்தவர் தயங்காமல் சொல்வார்: உங்கள் வாழ்க்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிப் பார்ப்போம், எதில் வேலை செய்வது என்று சேர்ந்து முடிவுசெய்வோம், இத்தனை வாரத்தில் முடிப்போம். “வாங்க, பேசலாம், போகப் போகப் பார்க்கலாம்” என்றால் அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அது ஐ.பி.டி. அல்ல. “எனக்கு சி.பி.டி.யில்தான் பயிற்சி” என்று ஒருவர் ஒளிக்காமல் சொன்னால் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடும். சி.பி.டி. என்பது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் இன்னொரு பேச்சுச் சிகிச்சை. மனச்சோர்வுக்கு சி.பி.டி.யும் நன்றாக நிரூபிக்கப்பட்ட முறைதான். அருகில் நல்ல சி.பி.டி. ஆள் இருக்கும்போது, ஐ.பி.டி.தான் வேண்டும் என்று மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். சீட்டு எழுதிய மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கையோடு, யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்றும் அவரைக் கேளுங்கள். பல சமயம் பதில் அங்கேயே இருக்கும்.

இப்போது கணவர் விஷயம். இது தம்பதி கவுன்சலிங் அல்ல. உள்ளே உட்காரப் போவது நீங்கள் ஒருவர்தான். அவருக்கு மனம் வந்தால் ஒரு நாள் கூப்பிடுவார்கள், வராவிட்டாலும் வேலை நிற்காது. என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஞாயிற்றுக்கிழமை சண்டையைச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். ‘சண்டை வந்தது’ என்பதோடு விடமாட்டார்கள். அவர் எங்கே இருந்தார்? சோபாவில், ஃபோனில். நீங்கள் சொன்னது என்ன, அப்படியே சொல்லுங்கள். “உங்களுக்கென்ன, ராஜா மாதிரி இருங்க.” அவர்? எழுந்து வெளியே போய்விட்டார். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது? “ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கிட்டா நான் தூங்குவேன்.” அதை அவரிடம் சொன்னீர்களா? இந்தக் கேள்வியில் பலர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் அந்த இரண்டாவது வாக்கியத்தை எப்போது, எந்தக் குரலில் சொல்வது என்று அங்கேயே சொல்லிப் பார்த்து, வீட்டில் முயன்று, அடுத்த வாரம் வந்து என்ன ஆயிற்று என்று சொல்வீர்கள்.

இடம் என்று பார்த்தால் உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். மத்திய அரசின் மனநல மருத்துவமனையான பெங்களூரு நிம்ஹான்ஸ் இருப்பதே ஓசூர் சாலையில்தான். கூட்டம் அதிகம், முதல் முறை போகும்போது காலையிலேயே போய்விட வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும், மாவட்ட மனநலத் திட்டத்திலும் விசாரியுங்கள். தனியாரிடம் போவதானால் ஃபீஸை ஒரு செஷனுக்கு என்று கேட்காமல் 16 செஷனுக்குக் கணக்குப் போடுங்கள். ஆயிரம் என்றால் மொத்தம் 16,000. பாதியில் விடுவதைவிட முதலிலேயே குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், சிலர் குறைப்பார்கள். ஆன்லைனிலும் செய்யலாம், ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கையும் வேண்டும். பக்கத்து அறையில் மாமியார் இருக்கும்போது யாரும் மனம் திறந்து பேசுவதில்லை.

சாகலாம் என்றோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ எண்ணம் வந்தால் இந்தத் தேடலையெல்லாம் ஓரமாக வையுங்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எந்த நேரமும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.

பேச்சுச் சிகிச்சை தொடங்கியதும் கொஞ்சம் தெம்பு வந்தது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கொடுப்பதானால், இதுவரை மருத்துவரிடம் சொல்லியிராவிட்டால், நாளைக்கே ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள்.