பழைய .32 பிஸ்டல்: ட்ரிகர் கனம், ஸ்லைடு முழுசா மூடலை

வணக்கம் அண்ணே. கைமாத்தி வாங்கின லைசென்ஸ் பிஸ்டல்ல ட்ரிகர் கனமா இருக்கு, அஞ்சாறு குண்டுக்கு ஒருதரம் ஸ்லைடு (மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம்) முழுசா மூடாம நிக்குது, ஓசூர்ல தெரிஞ்ச லேத்துல சியரை (ட்ரிகரை இழுக்கிற வரைக்கும் ஹேமரைத் தடுத்து வைக்கிற சின்ன பாகம்) உரசிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம். சியர் முனையோட கோணம்தான் ஹேமரை, அதாவது அடிச்சுக் குண்டை வெடிக்க வைக்கிற சுத்தியலை, பிடிச்சு நிறுத்துது. அரம் ரெண்டு இழுப்பு தப்பாப் பட்டாலும், ஸ்லைடு அடிச்சு மூடுற அதிர்ச்சியில ஹேமர் தானா விழுந்து, விரல் படாமலே வெடிக்கலாம்.

மொதல்ல மேகசினை (குண்டு அடுக்கி வைக்கிற பெட்டி) கழட்டுங்க. சேம்பர் (குழலோட பின்முனையில குண்டு உக்கார்ற இடம்) காலியான்னு கண்ணால பார்த்து, சுண்டுவிரலாலயும் தொட்டுப் பாருங்க. ட்ரிகர் பக்கம் பழைய எண்ணெய் பிசினா ஒட்டியிருக்கும். எங்க மாமாவோடதுல அதைக் கழுவினதுமே பாதி கனம் போச்சு. அப்புறம் குழல் வாய் மேல் நோக்கி இருக்கிறபடி பிடிச்சு, ஸ்லைடைக் கொஞ்சம் பின்னால இழுத்து மெதுவா விடுங்க. பாதியில நின்னா ரீகாயில் ஸ்ப்ரிங் (ஸ்லைடைத் திரும்ப முன்னால தள்ளுற சுருள்) மேல சந்தேகப்படலாம். புதுசு போடணும், பழசை இழுத்து நீட்டி ஒப்பேத்தாதீங்க. ரெண்டு மேகசின் இருந்தா நம்பர் போட்டு வையுங்க; ஒண்ணுல மட்டும் சிக்கினா அதோட வாய் விளிம்பு வளைஞ்சிருக்கும்.

மத்த வேலையெல்லாம் ரிப்பேர் லைசென்ஸ் உள்ள கடையிலதான். 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கி ரிப்பேர் தொழிலுக்கே லைசென்ஸ் வேணும், பாவம் லேத்துக்காரரும் சேர்ந்து மாட்டுவாரு. எடுத்துட்டுப் போறப்ப லைசென்ஸ் கையோட இருக்கட்டும்.