குவாண்டம் வெற்றிடம் அந்தக் கேள்விக்கு விடையாகாது

குவாண்டம் வெற்றிடத்திலிருந்து, அதாவது இயற்பியல் சொல்லும் மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலிருந்து, பிரபஞ்சம் தோன்றியிருக்கலாம் என்றால், ‘எதுவுமே இல்லாமல் இருக்காமல் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது’ என்ற கேள்வி தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். தீரவில்லை. அந்த வெற்றிடத்தில் புலங்கள் உண்டு, ஆற்றல் உண்டு. ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1714-இல் எழுப்பிய இந்தக் கேள்வி அவற்றுக்கும் பொருந்தும்.

காலி இடத்தையே இன்மை என்று எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம் வருகிறது. காலி இடமும் ஓர் இடம்தானே.

எந்த விளக்கத்தைப் படித்தாலும், அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்: அங்கே விதியோ நிகழ்தகவோ முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறதா? இயற்பியலாளர் விலென்கின் 1982-இல் முன்வைத்த பிரபஞ்சத் தோற்ற மாதிரியில் வெளியும் காலமும்கூட முதலில் கிடையாது. ஆனாலும் குவாண்டம் விதிகள் இருக்கின்றன. அவை ஏன் இருக்கின்றன என்பது அப்படியே மிச்சம்.

இதை வைத்து ‘ஆகவே கடவுள்’ என்று தாவிவிடாதீர்கள். லைப்னிட்ஸ் அங்கேதான் போய் நின்றார். ஆனால் தன் இருப்புக்கான காரணத்தைத் தன்னிடமே கொண்ட ஒன்று இருக்க முடியும் என்பதைத் தனியாக நிறுவியாக வேண்டும்.