கைக்குள் ஃபோன் இருந்தும் ஏன் தயக்கம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலியை எங்கள் ஊரில் நாற்பது வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் ஐந்தாறு பேர்தான் மிச்சம். படிப்பறிவு குறைவுதான் காரணமா?
- சுகாதாரத் தொண்டர், ஒட்டுசுட்டான்

பதில்: படிப்பறிவின் மேல் பழியைப் போடாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளையோடு நாள் தவறாமல் வீடியோ கோல் பேசும் அம்மாக்கள் வன்னியில் எத்தனை பேர்! பிள்ளையின் முகம் தெரிகிறது, அதனால் கை பழகிவிட்டது. புதுத் தொழில்நுட்பத்தை மனிதர் ஏன் ஏற்கிறார்கள் என்று 1989 இல் ஆராய்ந்த பிரெட் டேவிஸ் கண்டதும் இதுதான். இதால் எனக்கு என்ன பயன், கையாள இலகுவா என்ற இரண்டில் பயனே பலமானது. 2003 இல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: வேண்டியவர்கள் என்ன சொல்கிறார்கள், தேவையான வசதியும் உதவியும் இருக்கிறதா.

உங்கள் செயலி முதல் கேள்வியிலேயே விழுந்திருக்கலாம். காலைச் சாப்பாட்டோடு குளிசை போட்டுப் பழகியவருக்கு நினைவூட்டல் எதற்கு? அவருடைய கஷ்டம் கிளினிக் நாளில் இருக்கிறது. விடிய பஸ் பிடித்து, வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வருகிறார். நாளைக்கு வைத்தியர் வருவாரா, மருந்து இருக்கிறதா என்பதை முதல்நாள் பின்னேரமே சொல்லிப் பாருங்கள். அந்த மெசேஜைச் சனம் தேடிப் படிக்கும்.

மெசேஜ் எழுதும்போது நீளத்தைக் கவனியுங்கள். ஆங்கிலக் குறுந்தகவல் ஒன்று 160 குறிகளைத் தாங்கும், தமிழில் 70 தான். "கி" என்றால் க ஒன்று, விசிறி ஒன்று, ஆக இரண்டு. மெய்யின் புள்ளியும் ஒரு குறி. 70 ஐத் தாண்டினால் தகவல் இரண்டாக உடையும், செலவும் இரட்டிக்கும். "நாளை கிளினிக் உண்டு. காலை 8 மணி. கொப்பி கொண்டு வரவும்." இது 54 குறிக்குள் அடங்கிவிடும். பழைய பட்டன் ஃபோன்கள் சிலவற்றில் தமிழுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள்தான் தெரியும். முதலில் ஒன்றை அனுப்பி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் குரல் பதிவுக் கோல்தான் வழி.

செயலியைக் காட்டுபவர் யார் என்பதும் பெரிய விஷயம். ஊருக்குப் பழகிய குடும்பநல மிஸ்ஸோ மாதர் சங்கத் தலைவியோ காட்டினால் நம்புவார்கள். நீங்கள் அழுத்திக் காட்டாதீர்கள். அவர் விரலாலேயே மூன்று தரம் செய்யட்டும். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் திரும்பிப் போங்கள். சிம் மாறியது, கடவுச்சொல் மறந்தது, ஃபோனில் இடம் நிறைந்தது என்ற சிக்கல்கள் அப்போதுதான் வெளியே வரும். எல்லாவற்றையும் விட மோசமானது, அவர் உதவி கேட்டு எடுக்கும் முதல் கோலுக்கே பதில் இல்லாமல் போவது. நாள் முழுக்கச் சேவை என்று சொல்லிவிட்டு எடுக்காமல் விடுவதை விட, பின்னேரம் 4 முதல் 5 வரை என்று சொல்லி அந்த ஒரு மணித்தியாலம் கட்டாயம் எடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரே ஃபோன், அதுவும் மகனின் கையில். என் வருத்தம் அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று கிளினிக் மெசேஜ் சேவைக்குப் பதியாமல் இருக்கிறேன்.
- வாசகி, துணுக்காய்

பதில்: உங்கள் தயக்கம் முழுக்க நியாயமானது, அம்மா. பதியும்போதே "வருத்தத்தின் பெயர், மருந்தின் பெயர், கிளினிக்கின் பெயர் ஒன்றும் மெசேஜில் வரக்கூடாது" என்று சொல்லுங்கள். திகதியும் நேரமும் போதும். நீங்கள் நம்பும் அயலவரின் இலக்கத்தையும் கொடுக்கலாம், ஆனால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். சேவை நடத்துபவர்களும் கவனிக்க வேண்டும்: இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விசேட வகையாகவே கொள்கிறது.

கேள்வி: வயலில் பாம்பு கடித்தால் செயலியில் வைத்தியரிடம் கேட்கலாமா?
- விவசாயி, பூநகரி

பதில்: வேண்டாம். நேரே 1990 க்குக் கோல் எடுங்கள். இலவச அம்புலன்ஸ் அது, வடக்கில் 2018 இலிருந்து ஓடுகிறது. ஊரின் பெயரோடு குளம், கோயில், பள்ளிக்கூடம் என ஓர் அடையாளமும் சொல்லுங்கள். வயல் பாதையென்றால் ஒருவரை றோட்டுக்கு அனுப்புங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையோ காலோ அசையாமல் தடி வைத்துக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். பாம்பைத் தேடிப் போகாதீர்கள். கடித்த நேரத்தை மட்டும் குறித்து வைத்து ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.