கிளிக் ஒலி ஏன் பதிவாகவில்லை?

44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (அதாவது விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து) பதிந்தபோது பாட்டில்மூக்கு டால்பின்களின் சீழ்க்கை நன்றாகத் தெரிகிறது, எதிரொலியால் இடமறிய அவை எழுப்பும் கிளிக் ஒலி மட்டும் மங்கலாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மைக்கை மாற்றும் முன் இதைப் பாருங்கள். அந்த அமைப்பில் மாதிரி வீதத்தில் பாதி, அதாவது 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் பதிவாகும். கிளிக்கின் வலுவான பகுதியோ 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே இருக்கிறது. அதைப் பிடிக்க 300 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மாதிரி வீதத்தில் பதியும் கருவி வேண்டும், மைக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

சரி, இருக்கும் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள்! ஒரே வடிவச் சீழ்க்கை 1 முதல் 10 விநாடி இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். வந்தால், அது ஒரு டால்பினின் அடையாளச் சீழ்க்கையாக இருக்கலாம், கிட்டத்தட்ட அதன் பெயர் மாதிரி. 1965-லேயே டால்பின் ஆய்வாளர்களான கால்டுவெல் தம்பதியர் இதை விவரித்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் உங்கள் பதிவின் பொக்கிஷம். அப்புறம், அடுத்த முறை படகைத் தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பதியுங்கள்.