சமாதி சொல்லும் சாட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெரினா நினைவிடங்களைப் பற்றி எழுதும்போது ‘செத்தவரை வைத்து நடத்தும் அரசியல்’ என்றீர்கள். நடுகல் நட்டுக் கும்பிட்ட மரபு நம்முடையது. தலைவர் சமாதியில் பூப்போடுவது நன்றிக்கடன்தானே? எங்கள் ஊரில் கிளைச் செயலாளர் இறந்தால்கூட பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கிறோம். அதையும் கேலி செய்வீர்களா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

பூப்போடுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அந்தப் பேனரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே வரிசையாகக் கட்சித் தலைவர்கள். கீழே பேனர் வைத்தவர், கைகூப்பியபடி, ஆளுயரத்தில். செத்தவர் நடுவில் ஒரு வட்டத்துக்குள் பாஸ்போர்ட் சைஸில் இருப்பார். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் யார் சீட் கேட்கப் போகிறார் என்பதற்குத் தனி அறிவிப்பு வேண்டாம்.

நடுகல்லும் அவ்வளவு வெள்ளந்தியானதல்ல. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டுப் பீலி சூட்டினார்கள், கள் படைத்தார்கள். துக்கம் உண்மைதான். அடுத்த பூசலுக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கும் கூடவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். உடலின் தலைமாட்டில் ஜெயலலிதா மணிக்கணக்கில் நின்றார். பீரங்கி வண்டியில் ஏறியவரைக் கீழே தள்ளினார்கள். வண்டியில் இடம் கிடைத்தால் கட்சியிலும் கிடைத்த மாதிரி என்பது இரு தரப்புக்கும் தெரியும். முப்பது ஆண்டு கழித்து ஜெயலலிதாவின் சமாதியே களமானது. 2017 பிப்ரவரி 7 இரவு அங்கே தியானம் இருந்து எழுந்த ஓ. பன்னீர்செல்வம், அம்மாவின் ஆன்மா உந்தியதால் பேசுகிறேன் என்றார். 15ஆம் தேதி, சிறைக்குக் கிளம்பிய சசிகலா அதே சமாதியில் மூன்று முறை ஓங்கி அடித்துச் சபதம் செய்தார். ஒரே சமாதி இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சாட்சி. குறுக்கு விசாரணைக்கு வழியில்லை.

தமிழனின் தனிக்குணம் என்று இதைச் சொல்லமாட்டேன். 1924 ஜனவரியில் லெனின் இறந்த சில நாட்களிலேயே, நினைவுச்சின்னம் எதுவும் வேண்டாம் என்று அவர் மனைவி குரூப்ஸ்கயா பத்திரிகையில் எழுதினார். உடலைப் பதப்படுத்தி வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் மலையிலேயே வேறு மாதிரி ஒன்று உண்டு. படுகர் சாவில் ‘கரு ஹரசோது’ என்ற சடங்கில், இறந்தவரின் பாவங்களைப் பெரியவர் ஒருவர் ஊரார் முன்னால் வரிசையாகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘அது பாவம்’ என்று குரல் கொடுக்கும். ஊர்ந்த பாம்பைக் கொன்றது, எல்லைக்கல்லை நகர்த்தியது, வழி தெரியாமல் வந்தவரைத் தப்பான பக்கம் அனுப்பியது. 19ஆம் நூற்றாண்டில் பதிவான பாடலில் சர்க்காரைத் துணைக்குக் கூப்பிட்டதும் பாவக் கணக்கில் வருகிறது! அதற்குப் பிறகே மன்னிப்பு, வழியனுப்பல். நம் இரங்கல் கூட்டத்தில் எவராவது எல்லைக்கல் பேச்சை எடுக்கட்டும், மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பாவமும் செய்த மனிதர் என்று ஊரறியச் சொல்லி அனுப்பிய பிறகு, அவருடைய ஆன்மா பேசியது என்று வந்து நிற்பது கஷ்டம்.

பெரிய மனிதர்களின் சாவுக்குத்தான் அரசியலில் விலை என்று நினைத்துவிடாதீர்கள். 2017 ஏப்ரலில், ஜெயலலிதா தங்கிவந்த கோடநாடு எஸ்டேட்டில் ஒரு காவலாளியைக் கொன்றார்கள். நேபாளத்திலிருந்து பிழைக்க வந்தவர். 2021 தேர்தல் பிரச்சாரத்தில் கோடநாடு விவகாரம் அடிபட்டது. கோத்தகிரிக்காரர் நீங்கள், அந்தப் பேச்சுகளைக் கேட்டிருப்பீர்கள். அவர் பெயரை யாராவது சொன்னார்களா?